ரெட்டைக்குழலும் நாப்பத்தஞ்சு நாளும்

என்னப்பு, தாத்தன் வச்சிருந்த ரெட்டைக்குழலை விக்கப் போறியாம்ல? ஊரே பேசுது. ஊருக்கு எப்படித் தெரிஞ்சதுன்னு என்னைய முறைக்காத. நீதான அதைத் தோள்ல சாத்தி, கறுப்புக் கண்ணாடி மாட்டி, மீசைய முறுக்கிப் போட்டோ எடுத்து வாட்சப்புல போட்டிருக்க? கீழ ஒரு வரி வேற: ‘விற்பனைக்கு. நேர்மையானவர்கள் மட்டும் அணுகவும்.’ அடேயப்பா! களவாணிப்பய அதைப் படிச்சுட்டு, ‘இது நமக்கில்லப்பா, நேர்மையானவனுக்காம்’னு ஒதுங்கிப் போயிருவான் பாரு.

வீடு எந்தத் தெருன்னு தெரியுது. பின்னால வேப்பமரம் தெரியுது. இரும்புப் பீரோ எந்த மூலையில நிக்குதுன்னுகூடத் தெரியுது. வாரவனுக்கு வழி கேக்குற சோலி மிச்சம். முதல்ல அந்தப் போட்டோவ அழி. பெறகு பேசுவோம்.

அழிச்சுட்டியா? உக்காரு.

நம்ம அருப்புக்கோட்டை, திருச்சுழிப் பக்கம் துப்பாக்கி வச்சிருக்கிற வீடுகள்ல போயிக் கேட்டுப் பாரு. ‘எங்கப்பன் கடையில காசு குடுத்து வாங்குனது’ன்னு ஒருத்தராச்சும் சொல்வாகளா? மாட்டாக. எல்லாம் ஜமீன் குடுத்தது. இல்லாட்டி வெள்ளைக்காரத் துரை கையால குடுத்தது. ஜமீனு இம்புட்டுத் துப்பாக்கிய அள்ளிக் குடுத்திருந்தா அது ஜமீனா, துப்பாக்கிக் கடையா? துரை லட்சணத்தையும் கேட்டுக்க. 1801 அக்டோபர்ல மருது சகோதரர்களைத் திருப்பத்தூர்ல தூக்குல போட்டாக. அடுத்தாப்புல டிசம்பர் 1-ந் தேதி மதராஸ் கவர்னர் எட்வர்டு கிளைவு ஒரு பிரகடனம் போட்டான். தெக்கத்திச் சீமையில பாளையக்காரன் எவனும் ஆயுதம் எடுக்கப்படாதுன்னான். ஈட்டி, வளரி, துப்பாக்கின்னு கண்டதையெல்லாம் பறிச்சான். 1878-ல அதுக்குன்னு ஒரு சட்டமே எழுதி, நமக்கு லைசென்சு வேணும், அவன் இனத்தானுக்கு வேண்டாம்னு வச்சுக்கிட்டான். அம்புட்டு நல்லவன் உங்க தாத்தனைக் கூப்பிட்டுத் துப்பாக்கிய நீட்டுனானாக்கும்!

விலை பேசுறப்போ இந்தக் கதைய இழுத்துக்கிட்டு நிக்காத. வாங்க வாரவன் குழலைப் பாப்பான்.

சரி, எப்படி விக்கப் போறன்னு கேட்டா, நீ ஒரு திட்டம் சொல்ற. நாலு கூட்டாளிகளைக் கூட்டிக்கிட்டுப் போவியாம். பைபாஸ் ரோட்டு டீக்கடையில கேமரா இருக்கு, அதுக்கு நேரா நின்னு குடுப்பியாம். நூறு ரூவாப் பத்திரத்துல, ‘இன்று முதல் இந்தத் துப்பாக்கியால் ஏற்படும் எந்த விளைவுக்கும் நான் பொறுப்பல்ல’ன்னு எழுதிக் கையெழுத்து வாங்கிக்கிருவியாம். போன்ல தேடி எடுத்த மாதிரிப் பத்திரம்ங்குற. எந்த நாட்டுக்காரன் எழுதுனதோ! அதுல அருப்புக்கோட்டை தாலுகாவுக்குப் பதிலா ‘கவுண்டி’ன்னு ஒரு வார்த்தை கெடக்கு, அதையாச்சும் பாத்தியா?

உங்க தாத்தன் மாடு வித்ததை நீ பாத்ததில்ல. சந்தையில தரகன் துண்டைப் போட்டு மூடி, உள்ள விரலைப் பிடிச்சு விலை சொல்லுவான். பக்கத்துல நிக்கிறவனுக்கு ஒண்ணும் வெளங்காது. ஆனா மாட்டை அவுக்குறதுக்கு முன்ன தாத்தன் என்னென்ன கேப்பாரு தெரியுமா? நீ எந்த ஊரு, யாரு மகன், ஏருக்கா வண்டிக்கா, இல்ல அடிமாட்டுக்கா? பதில் கோணலா வந்தா, மாட்டை ஓட்டிக்கிட்டு வீட்டுக்கு வந்துருவாரு. ரூவா கொறஞ்சதுக்காக வந்ததில்ல, ஆளு சரியில்லன்னு வந்திருக்காரு. மாடு போயி எவனையும் சுட்டுட்டு வரப்போறதில்ல. அதுக்கே அம்புட்டு விசாரணை. நீ துப்பாக்கிய ‘ஜிபே பண்ணிருங்க ப்ரோ’ன்னு குடுக்கப் பாக்குற.

இப்ப நான் கேக்குறதுக்குப் பதில் சொல்லு. லைசென்சு யார் பேர்ல இருக்கு?

உன் பேர்லன்னா நல்லது. இன்னும் தாத்தன் பேர்லயேன்னா, துப்பாக்கிய நீ தொடவே கூடாது. தாத்தன் போயிட்டாரு, அவரு லைசென்சும் கூடவே போயிருச்சு. பக்கத்து ஸ்டேசன்லயோ, லைசென்சு வச்ச துப்பாக்கி வியாபாரிகிட்டயோ ஒப்படைச்சு ரசீது வாங்கணும். ஆயுதச் சட்டம் 21-ஆம் பிரிவுல இருக்கு. ஒப்படைச்சுட்டு, வாரிசுங்குற உரிமையில உன் பேருக்கு லைசென்சு கேக்கலாம், இல்லாட்டி உரிமை உள்ள ஒருத்தருக்கு விக்கலாம். தாத்தனுக்குச் சோறு போடாத பேரனெல்லாம் இந்த எடத்துல வாரிசுன்னு வந்து வரிசையில நிப்பாக. அண்ணன் தம்பி அத்தனை பேரும் சம்மதம்னு எழுதிக் குடுத்தப் பெறகு விலையப் பேசு. அவரு உசுரோட இருக்கும்போதே செய்யவும் வழி இருக்கு. 2016 ஆயுத விதிகள்ல, லைசென்சுதாரருக்கு 70 வயசு ஆனாலோ, துப்பாக்கி 25 வருசம் கையில இருந்தாலோ, வாரிசு பேருக்கு மாத்திக் கேக்கலாம்னு இருக்கு. எழுபது வயசுல நிலத்தை எழுதி வாங்க மட்டும் வெரசா வருவீக. துப்பாக்கிக்கு ஏன் வர மாட்டேங்குறீக?

அடுத்தது, துப்பாக்கி என்ன ஜாதி? மனுசனுக்குத்தான் அது கூடாது, துப்பாக்கிக்கு உண்டு. நம்ம பக்கத்து ரெட்டைக்குழல் 12 போரு. கலெக்டர் லைசென்சு குடுக்குற ரகம். .303, 9 மில்லிமீட்டர் இதெல்லாம் தடை செய்யப்பட்ட போரு. பட்டாளம், போலீசு வச்சிருக்கிற ரகம். அதுக்கு டெல்லியில உள்துறையைப் பாக்கணும். மாமா மிலிட்டரியில இருந்து கொண்டாந்ததுன்னு எவனாச்சும் வீட்டுல அப்படி ஒண்ணு வச்சிருந்தா, அவன் விலை கேக்கக் கூடாது, வக்கீலைக் கேக்கணும். கருவேலங்காட்டுக்குள்ள பதுக்கி வச்ச நாட்டுத் துப்பாக்கியப் பத்தி எங்கிட்டப் பேச்சே எடுக்காத. அது விக்குற சாமான் இல்ல.

இப்ப துப்பாக்கிய எடு. முதல்ல தோட்டா உள்ள இருக்கான்னு பாரு. ‘இல்லங்க தாத்தா, காலியாத்தான் இருக்கு’ன்னு சொல்லாத, மடக்கிப் பாரு. ரெண்டு குழல்லயும் அந்தப் பக்கத்து வெளிச்சம் தெரியணும். பெறகு குழலுக்கு அடியில கைப்பிடிக்கிற மரத்தைக் கழட்டு. குழலைத் தனியா எடு. அடிப்பக்கம் தட்டையா ஒரு எடம் இருக்கும். எண்ணெய்த் துணியால அழுத்தித் தொட. அம்பது வருசத்து அழுக்கு வந்ததும் நம்பரு தெரியும். அதே நம்பரு குதிரை விசை இருக்கிற இரும்புலயும் அடிச்சிருக்கும். கழட்டுன மரத்துக்குள்ள இருக்கிற இரும்புலயும் பல துப்பாக்கியில இருக்கும். மூணும் ஒண்ணா இருக்கான்னு பாரு. பெறகு லைசென்சுல எழுதுன நம்பரைப் பாரு.

அங்கதான் வில்லங்கமே. நம்ம மாவட்டம் ராமநாதபுரத்துல இருந்து பிரிஞ்சது 1985-ல. அதுக்கு முன்ன ராமநாதபுரம் கலெக்டர் ஆபீசு மதுரையில இருந்துச்சு. அந்தக் காலத்து கிளார்க்கு மைப்பேனாவுல எழுதுன 3 அடுத்த புத்தகத்துல 8 ஆகியிருக்கும். 1 போயி 7 ஆகியிருக்கும். நாலு ஆபீசு மாறி, நாலு புத்தகம் மாறி வந்த நம்பரு. புதுப்பிக்கிறப்போ எவனும் துப்பாக்கியத் தொடச்சுப் பாக்கல, பழைய புத்தகத்தைப் பாத்து எழுதுனான். இதை விக்குறதுக்கு முன்ன எழுதிக் குடுத்துத் திருத்து. வித்த பெறகு திருத்தப் போனா, ‘அப்ப புத்தகத்துல 8 போட்ட அந்தத் துப்பாக்கி எங்கய்யா?’ன்னு கேப்பான். பதில் வச்சிருக்கியா? தேஞ்சுபோன நம்பரைச் சாணை பிடிச்சு நீயே வெட்டிராத. நம்பரை அழிக்கிறதும் மாத்துறதும் குத்தம். நம்பரே இல்லாத துப்பாக்கிய விக்கிறதும் குத்தம். 8-ஆம் பிரிவு.

போன்ல படம் பிடிக்கணும்னு துடிக்கிறியே, இப்பப் பிடி. நம்பரை மட்டும் பிடி. உன் மீசை வேண்டாம்.

நம்ம திருச்சுழி மண்ணுல 1879-ல பொறந்த ரமண மகரிசி ‘நான் யார்’னு கேட்டு உக்காந்தாரு. உனக்கு அம்புட்டு ஞானம் வேண்டாம். ‘வாங்குறவன் யார்’னு கேளு, போதும்.

அவனுக்கு 21 வயசு ஆயிருச்சா? லைசென்சு இருக்கா? அடிதடி, ஒழுக்கக்கேடுன்னு வழக்குல தண்டனை வாங்கி உள்ள இருந்துட்டு வந்தவனா? வெளிய வந்து அஞ்சு வருசம் ஆகலன்னா அவன் தொடவே கூடாது. நல்லது கெட்டது தெரியாத நெலமையில இருக்கிறவன்னு உனக்குத் தெரிஞ்சும் குடுத்தா, குத்தம் உன் தலையில. லைசென்சுல ஏற்கெனவே எத்தனை துப்பாக்கி ஏறியிருக்கு? முன்ன ஒருத்தர் 3 வச்சுக்கலாம். 2019-ல திருத்தம் கொண்டாந்து 2-ன்னு ஆக்கிட்டாக. மசோதா வந்தப்போ ஒண்ணுதான்னு இருந்துச்சு, கூச்சல் போட்டு ரெண்டாக்குனாக. அதனால, ரெண்டு வச்சிருக்கிற பெரிய மனுசன் மூணாவதுக்கு உங்கிட்ட வந்தா, காப்பித் தண்ணி குடுத்து அனுப்பு.

லைசென்சு எந்த எல்லைக்குச் செல்லும்னும் பாரு. அவன் மாவட்டத்துக்குள்ள மட்டும்னு இருந்தா, உன் வீட்டு வாசல்ல வாங்கிக்கிட்டு எப்படிப் போவான்? ‘பஸ்ல பார்சல் போட்டு விடுங்க, நான் மாட்டுத்தாவணியில எடுத்துக்கிறேன்’ம்பான். போட்டியோ, அந்தப் பஸ்சுக்கு முன்ன நீ போயிச் சேந்துருவ, ஸ்டேசனுக்கு.

ஜெராக்ஸ் காட்டுனா ஒத்துக்காத. போன்ல காட்டுனா அறவே ஒத்துக்காத. அசலைக் கேளு, அதுல தனி அடையாள நம்பரு இருக்கணும். நாடு முழுக்க ஒரே கணக்குல ஏத்துன நம்பரு அது. அசலும் அடையாள நம்பரும் இருந்தாப் போதுமான்னா, போதாது. சம்மு காசுமீருல என்ன நடந்துச்சு? 2012-ல இருந்து 2016 வரைக்கும் தகுதி இல்லாத ஆளுகளுக்கு 2.78 லட்சத்துக்கு மேல துப்பாக்கி லைசென்சு போயிருக்குன்னு சிபிஐ சொல்லுச்சு. கள்ள அச்சுல அடிச்சதில்லப்பு. ஆபீசு முத்திரை, ஆபீசரு கையெழுத்து, எல்லாம் சுத்தம். உள்ளதான் அழுகல். அதனால லைசென்சு குடுத்த ஆபீசுக்கே ஒரு கடுதாசி போட்டுக் கேளு. மதுரை டவுன் ஆளுன்னா போலீஸ் கமிசனர் ஆபீசு. கமிசனர் இல்லாத ஊரு ஆளுன்னா அந்தந்தக் கலெக்டர் ஆபீசு.

இன்னொண்ணு, எதுக்கு வாங்குறீகன்னும் கேளு. ‘பன்னி சுடத்தான்’னு ஒருத்தன் சிரிச்சுக்கிட்டே சொல்லுவான். பன்னி பண்ணுற அழிச்சாட்டியம் எனக்கும் தெரியும். ராவுல வந்து நெலக்கடலைக் காட்டை உழுது போட்டுட்டுப் போயிருது. அதுக்கு 2025 ஜனவரியில சட்டமன்றத்துல மந்திரி என்ன சொன்னாரு? காப்புக்காட்டுல இருந்து ஒரு கிலோமீட்டருக்குள்ள சுடக் கூடாது. ஒண்ணுல இருந்து மூணு வரைக்கும் பிடிச்சுக் காட்டுல விடணும். மூணைத் தாண்டுனா சுடலாம். ஆனா சுடப்போறது யாரு? வனத்துறை ஆளு. நீயும் இல்ல, உங்கிட்டத் துப்பாக்கி வாங்குறவனும் இல்ல. பன்னிக்கு இது தெரியாது, அது கெடக்கு. வாங்குறவனுக்குத் தெரியணும்ல? தெரியாதவன்கிட்ட வித்தா, அவன் சுட்ட அன்னைக்கே வனத்துறை ஜீப்பு வரும். நம்பரு யார் புத்தகத்துல இருக்குன்னு தேடும்.

இனி நாப்பத்தஞ்சு நாளுக்கு வருவோம்.

1959-ல வந்த ஆயுதச் சட்டத்துல 5-ஆம் பிரிவு. நீ வியாபாரி இல்ல, சொந்த உபயோகத்துக்கு வச்சிருந்ததை விக்கிற. அதுக்கு வியாபாரி லைசென்சு வேண்டாம்னு சட்டம் பெரிய மனசு பண்ணியிருக்கு. பண்ணிட்டு ரெண்டு கண்டிசன் போட்டிருக்கு. விக்கப் போறேன்னு கலெக்டருக்கோ பக்கத்து ஸ்டேசன் அதிகாரிக்கோ எழுத்துல சொல்லணும். யாருக்கு விக்கிறன்னு பேரு, விலாசத்தோட சொல்லணும். சொல்லி 45 நாள் கழியணும். அதுக்குப் பெறகுதான் துப்பாக்கி கை மாறணும்.

மூஞ்சி ஏன் சுருங்குது? பத்து நிமிசத்துல பால் பாக்கெட்டு வந்து பழகிப்போச்சு. பொண்ணு பாக்கப் போயி, பத்து நாள்ல கல்யாணம்னா, ‘என்னங்க அவசரம், விசாரிக்க வேண்டாமா’ன்னு கேப்பீகள்ல? அந்த விசாரணைய இங்க போலீசு பண்ணிக் குடுக்குது. நீ பத்துப் பைசா குடுக்க வேண்டாம். வாங்குறவன் மேல எந்த ஊருல என்ன வழக்குன்னு நீ நடையா நடந்தாலும் கண்டுபிடிப்பியா? அதைப் பாக்க அவங்களுக்கு இந்த 45 நாள் இருக்கு. இதைப் போயித் தொல்லைங்குற. நாலு கூட்டாளியும் ஒரு டீக்கடைக் கேமராவும் குடுக்காத காவலை ஒரு கடுதாசி குடுக்குது.

சொல்லாம வித்தா என்னன்னு கேக்குற. 6 மாசம் வரைக்கும் ஜெயிலு, இல்லாட்டி 500 ரூவா வரைக்கும் அபராதம், இல்லாட்டி ரெண்டும். சிரிக்கிற பாத்தியா! ஐநூறு ரூவான்னதும் சிரிப்பு வருது. அது சொல்லாம வித்ததுக்கு மட்டும். வாங்குனவனுக்கு உரிமை இருக்கான்னு பாக்காமலே கையில குடுத்தா அது தனிக் குத்தம், 29-ஆம் பிரிவு. லைசென்சு இல்லாதவனுக்கு வித்து, அது 5-ஆம் பிரிவை மீறுன விற்பனைன்னு ஆச்சுன்னு வையி. 2019 திருத்தத்துக்குப் பெறகு 7 வருசத்துக்குக் கொறையாது. ஆயுள் வரைக்கும் போகும். இப்பச் சிரி.

கடுதாசி எழுதுறது ஒண்ணும் கம்பசூத்திரம் இல்ல. உன் பேரு, லைசென்சு நம்பரு, அடையாள நம்பரு, துப்பாக்கி என்ன ரகம், என்ன நம்பரு, தோட்டா எத்தனை. வாங்குறவரு பேரு, விலாசம், அவரு லைசென்சு விவரம். முடிஞ்சது. ‘மாண்புமிகு’ எத்தனை போடணும்னு யோசிச்சுக்கிட்டு உக்காராத. ரெண்டு எடத்துல ஒண்ணு போதும்னு சட்டம் சொல்லுது. நான் சொல்றேன், விருதுநகர் கலெக்டர் ஆபீசுலயும் குடு, ஸ்டேசன்லயும் குடு. நகல்ல தேதியோட முத்திரை வாங்கு. ரைட்டரு ‘வச்சுட்டுப் போங்க, பாத்துக்கிறோம்’பாரு. வச்சுட்டு வந்துராத. முத்திரை விழுற வரைக்கும் பெஞ்சுல உக்காரு. விழலைன்னா தபால்ல அனுப்பு. பதிவுத் தபாலை 2025-ல விரைவுத் தபாலோட சேத்துட்டாக. பேரு எதுவா இருந்தாலும் போய்ச் சேந்ததுக்கு அத்தாட்சி கையில இருக்கணும். 45 நாளை அந்தத் தேதியில இருந்துதான் எண்ணணும். நீ மனசுல நெனச்ச தேதியில இருந்து எண்ணக் கூடாது.

இடையில ஆபீசுல இருந்து ஏதாச்சும் கேட்டு வந்தா பதில் குடு. ஆட்சேபணைன்னு வந்தா நிப்பாட்டு. ‘நாள்தான் முடிஞ்சிருச்சே’ன்னு வீரம் காட்டாத. விக்கலாம்னு எழுத்துல ஒரு வரி வந்தா, அதை வாங்காம விடாத.

இந்த 45 நாளும் அவன் சும்மா இருக்க மாட்டான். அட்வான்சு தாரேன், ரெண்டு நாள் குடுங்க, சுட்டுப் பாத்துட்டுத் தாரேன்பான். தங்கச்சி கல்யாணம், மாப்பிள்ளை அழைப்புக்கு ரெண்டு வேட்டு மட்டும்பான். கல்யாணத்துக்குத் துப்பாக்கி வெடிச்சு யாருக்காச்சும் ஆபத்து உண்டாக்குனா 2 வருசம் வரைக்கும் ஜெயிலு, 1 லட்சம் வரைக்கும் அபராதம்னு அதுக்கும் 2019-லயே எழுதிட்டாக. ‘வேட்டுன்னா சிவகாசி இங்கிட்டுத்தான இருக்கு, ஒரு சரம் வாங்கிக் கொளுத்துப்பா’ன்னு சொல்லி அனுப்பு.

நடுவுல எலெக்சன் வந்தா இன்னும் வேடிக்கை. லைசென்சுத் துப்பாக்கிகளை ஸ்டேசன்ல ஒப்படைக்கச் சொல்லுவாக. பார்லிமெண்டு, சட்டமன்றம், உள்ளாட்சின்னு உங்க தாத்தன் துப்பாக்கி வீட்டுல இருந்த நாளைவிட ஸ்டேசன்ல இருந்த நாள் அதிகமோ என்னமோ! ஒப்படைச்ச ரசீது இருந்தா, எலெக்சன் முடிஞ்சு ஒழுங்காத் திரும்பும். ரசீதைத் தொலைச்சுட்டு, ‘என் துப்பாக்கி அதுதாங்க, அந்தத் துருப்பிடிச்சது’ன்னு நிக்காத. அங்க இருக்கிறதெல்லாம் துருப்பிடிச்சதுதான்.

கனடாவுல இருக்கிற உன் சித்தப்பன் மகன், ‘எங்க நாட்டுல எல்லாம் ஈசி’ன்னு சொன்னானாக்கும்? அவனை நல்லாக் கேளு. அங்க கைத்துப்பாக்கிக்குப் பதிவு உண்டு, கட்டுப்பாடு உண்டு. 2022 அக்டோபர் 21-ல இருந்து கைத்துப்பாக்கிய ஒரு ஆளு இன்னொரு ஆளுக்கு விக்கிறதையே நிப்பாட்டிட்டாக. ரெண்டு பேருகிட்டயும் லைசென்சு இருந்தாலும் சரி, நடக்காது. ஏதோ ஒண்ணு ரெண்டு பேருக்கு விலக்கு. நம்ம ரெட்டைக்குழல் அங்க பதிவு வேண்டாத சாதாரண ரகந்தான். அதுக்கே அந்த வருசம் மே மாசத்துல இருந்து, வாங்குறவன் லைசென்சை அரசாங்கத்துக்கிட்டச் சரிபாத்து, ஒரு குறிப்பெண் வாங்கிக்கிட்டுத்தான் குடுக்கணும். டொரொண்டோவுல பனியில நின்னுக்கிட்டு அவன் அளக்குறான். நீ இங்க வெயில்ல நின்னு நம்புற.

ரூவாய பேங்குல வாங்கு. நல்ல துப்பாக்கின்னாலும் ரெண்டு லட்சமோ அதுக்கு மேலயோ ரொக்கமா வாங்குனா வருமானவரிக்காரன் வருவான். அப்படி ஒரு விலை உன் துரை குடுத்த துப்பாக்கிக்குக் கெடைச்சா எனக்கும் சொல்லி அனுப்பு, நான் வந்து அந்த ஆளைப் பாக்கணும்.

இம்புட்டும் நமக்கு ஆகாதுன்னா, லைசென்சு வச்ச வியாபாரிகிட்டக் குடுத்துரு. விலைய அடிமட்டத்துக்கு அடிப்பான். ‘இதை எவன் வாங்குவான் அண்ணாச்சி’ன்னு குழலைத் திருப்பித் திருப்பிப் பாத்து உதட்டைப் பிதுக்குவான். ரோசப்படாத. அவன் வரவு வைக்கிற பதிவேட்டுல உன் துப்பாக்கி நம்பரு ஏறும். அந்த வரிக்குத்தான் நீ அம்புட்டு ரூவாய விட்டுக்குடுக்குற. ராத்தூக்கம் வேணும்னா அது மலிவு.

கை மாத்துற அன்னைக்குக் கூட்டம் கூட்டாத. பகல்ல வையி. மடக்கி ரெண்டு குழலையும் அவருக்கும் காட்டு. மூணு எடத்து நம்பரையும் ரெண்டு பேரும் சேந்து வாசிங்க. ரசீதுல நம்பரு, தேதி, நேரம் எழுது. நேரம் எதுக்குன்னு கேக்காத, மத்தியானம் குடுத்ததுக்கும் அன்னைக்கு ராத்திரி நடக்குறதுக்கும் நடுவுல கோடு போட வேற எது இருக்கு? தோட்டாவையும் ‘சும்மா வச்சுக்கங்க’ன்னு அள்ளிக் குடுக்காத. கடுதாசியில எத்தனை எழுதுனியோ, அவரு லைசென்சுல எத்தனைக்கு எடம் இருக்கோ, அம்புட்டுத்தான். தாத்தன் காலத்துல இருந்து டிரங்குப் பெட்டியில ஊதிப்போயிக் கெடக்குற தோட்டாவை எவனுக்கும் குடுக்காத. ஸ்டேசன்லயோ வியாபாரிகிட்டயோ ஒப்படை. தீவாளிக்கு அடுப்புல போட்டு வெடிச்சுப் பாக்கலாமான்னு உன் கண்ணு போறது எனக்குத் தெரியுது.

குடுத்தாச்சு, ரூவா வந்தாச்சு, பிரியாணி தின்னாச்சு. முடிஞ்சிருச்சுன்னு நெனைக்கிற. எங்க முடிஞ்சது? உன் லைசென்சுல அந்த நம்பரு இன்னும் உக்காந்திருக்கு. ஆபீசுக்குப் போயி அதை நீக்கச் சொல்லி எழுது. அவரு லைசென்சுல ஏறுன பக்கத்தை ஒரு நகல் கேட்டு வாங்கு. கம்ப்யூட்டர்லயும் மாறிருச்சான்னு கேளு. ‘மாத்திருவோம்’னா எப்பன்னு கேளு. வேற துப்பாக்கி வாங்குற எண்ணம் இல்லன்னா லைசென்சையும் ஒப்படைச்சு ரசீது வாங்கிரு. வெறும் லைசென்சை பர்சுல வச்சுக்கிட்டுக் கல்யாண வீட்டுல எடுத்து எடுத்துக் காட்டுற ஆளுகளை நான் பாத்திருக்கேன். மொய்ப்பணம் எடுக்குறப்போ தற்செயலா விழுந்துச்சாம்! பத்து வருசம் கழிச்சு எங்கயோ ஒரு ஊருல அந்தத் துப்பாக்கி சிக்குச்சுன்னா, முதல்ல தட்டுற கதவு யார் புத்தகத்துல நம்பரு இருக்கோ அவன் கதவு. அன்னைக்கு நீட்டுறதுக்கு இந்த நகல் எல்லாம் நிலப்பத்திரத்தோட பீரோவுல கெடக்கட்டும்.

தோட்டா சொருகுற தோல்பட்டை ஒண்ணு பெட்டியில கெடக்குமே, அதை வேணும்னா விக்காம வச்சுக்க. அதுக்கு லைசென்சு கேக்க மாட்டாக. காலியாத்தான் மாட்டணும். கறுப்புக் கண்ணாடியையும் போட்டுக்க. போட்டோ எடுக்குறப்போ மட்டும் கொஞ்சம் தள்ளி நில்லு, பின்னால பீரோ தெரியுது.